வென்ற இரண்டாம் வாரமே முதலாம் பிரிவை விட்ட கல்லூரி

ரொறன்ரோவில் இருக்கும் அக்கா, பெரியம்மாவின் மூத்த மகள், ஒரு ஞாயிறு இரவு அழைத்தார். சுகம் கூட விசாரிக்கவில்லை. "தம்பி, டிவிஷன் ஒன் எண்டு சொல்லித்தான் பிள்ளையைக் கேட்டவை. இப்ப டிவிஷன் த்ரீக்குப் போகப் போறம் எண்டு மெயில் வந்திருக்கு. அப்ப அந்தக் காசு?"

மருமகளுக்குப் பதினேழு வயது, நன்றாக உதைபந்தாட்டம் ஆடுவாள். அமெரிக்காவில் உள்ள ஒரு சிறிய கல்லூரி விளையாட்டுப் புலமைப்பரிசில் தருவதாகச் சொல்லியிருந்தது. 1995 இடப்பெயர்வோடு ஊரை விட்ட அக்கா, இன்றும் இரவு வேலை செய்துதான் வீட்டுக் கடனைக் கட்டுகிறார். அந்தப் புலமைப்பரிசிலை நம்பித்தான் பிள்ளையின் படிப்புக் கணக்கைப் போட்டு வைத்திருந்தார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. தேடிப் படித்த பிறகுதான் இது ஒரு கல்லூரியின் கதை இல்லை என்று புரிந்தது. வெளிநாட்டில் பிள்ளைகளை விளையாட்டு வழியாகப் படிக்க அனுப்ப நினைக்கும் எங்கள் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது தேவைப்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பிரிவுகள் என்றால் என்ன? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. சுமார் 1,100 கல்லூரிகள் அதில் இருக்கின்றன. 1973 இல் அது தன் உறுப்புக் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்தது. முதலாம் பிரிவில் இன்று 360 சொச்சம் கல்லூரிகள். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பெரிய மைதானங்கள், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் பயிற்றுநர்கள் எல்லாம் அங்கேதான். இரண்டாம் பிரிவில் புலமைப்பரிசில் உண்டு, ஆனால் பெரும்பாலும் பகுதியாகத்தான். மூன்றாம் பிரிவுதான் எண்ணிக்கையில் மிகப் பெரியது. அங்கே விளையாட்டுக்காக ஒரு சதம் கூடப் புலமைப்பரிசில் கொடுக்க முடியாது. விதியே அப்படி.

இங்கிலாந்து உதைபந்தாட்டத்தைப் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே தோற்றால் கீழே போவார்கள், வென்றால் மேலே வருவார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் அப்படி இல்லை. எந்தப் பிரிவில் இருப்பது என்பதைக் கல்லூரி நிர்வாகமே தீர்மானிக்கிறது. அதைத் தீர்மானிப்பது புள்ளிப்பட்டியல் அல்ல, வரவு செலவுக் கணக்கு.

இதற்கு செயின்ட் பிரான்சிஸ் பல்கலைக்கழகத்தை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பெனிசில்வேனியா மாநிலத்தில் லொரெட்டோ என்ற சின்னஞ்சிறு ஊரில், 1847 இல் பிரான்சிஸ்கன் துறவிகள் தொடங்கிய கத்தோலிக்க நிறுவனம் அது. 2025 மார்ச் மாதம் அதன் ஆண்கள் கூடைப்பந்தாட்ட அணி தன் கூட்டமைப்பின் கிண்ணத்தை வென்று, 1991 க்குப் பிறகு முதல் தடவையாகத் தேசியச் சுற்றுப்போட்டிக்குள் நுழைந்தது. மார்ச் 18 ஆம் திகதி ஒஹாயோவில் நடந்த ஆட்டத்தில் அலபாமா ஸ்டேட் அணியிடம் 70-68 என்று, கடைசி ஒரு விநாடி மிச்சமிருக்கையில் விழுந்த பந்தால் தோற்றது. சரியாக ஒரு வாரம் கழித்து, மார்ச் 25 இல், பல்கலைக்கழகம் அறிவித்தது: நாங்கள் முதலாம் பிரிவை விட்டு மூன்றாம் பிரிவுக்குப் போகிறோம்.

முப்பத்து நான்கு வருடம் காத்திருந்து கிடைத்த வெற்றி. அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் இந்த அறிவித்தல்.

ஏன்? அந்தச் சுற்றுப்போட்டியின் தொலைக்காட்சி உரிமை ஆண்டுக்கு ஒரு பில்லியன் டொலருக்கு அண்மித்தது. அப்படியானால் வென்ற கல்லூரிக்குக் காசு கொட்டியிருக்க வேண்டுமே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் ஆட்டத்துக்குக் கிடைக்கும் பங்கு கல்லூரிக்கு நேரே வருவதில்லை. அது சார்ந்திருக்கும் கூட்டமைப்புக்குப் போய், ஆறு வருடங்களாகப் பிரித்து, உறுப்புக் கல்லூரிகளுக்குப் பங்கிடப்படும். கடைசியில் கையில் வருவது ஓர் அணியின் பயணச் செலவுக்கே போதுமோ தெரியாது. செலவோ நிற்பதில்லை. முதலாம் பிரிவில் இருக்க வேண்டுமென்றால் குறைந்தது 14 விளையாட்டுகளுக்கு அணி வைத்திருக்க வேண்டும், புலமைப்பரிசில் கொடுக்க வேண்டும், பயிற்றுநர், மருத்துவர், விமானச் சீட்டு, விடுதி என்று பட்டியல் நீளும். பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இதில் லாபம் உண்டு. சிறியவை மாணவரின் கல்விக் கட்டணத்தில் இருந்து எடுத்துத்தான் ஈடுகட்டுகின்றன.

இன்னொரு வழியும் இருந்தது, இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகத்தின் மைதானத்துக்குப் போய் அடி வாங்கிவிட்டுக் காசு வாங்கி வருவது. 2007 இல் அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரிக்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் நான்கு லட்சம் டொலர் கொடுத்து விளையாட அழைத்தது. வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர் முன்னால் 34-32 என்று மிச்சிகனையே வென்றுவிட்டார்கள். ஆனால் இது எப்போதாவது ஒருமுறை நடப்பது. வழக்கமாக நடப்பது அடி வாங்குவதுதான்.

இப்போது சுமை இன்னும் கூடிவிட்டது. 2025 ஜூன் 6 ஆம் திகதி கலிபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி ஒப்புதல் கொடுத்த வழக்கு உடன்படிக்கையின்படி, கல்லூரிகள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 20.5 மில்லியன் டொலர். முன்பு விளையாடிய வீரர்களுக்கு நட்டஈடாக 2.8 பில்லியன் டொலரைப் பத்து வருடங்களில் கொடுக்க வேண்டும். இதில் ஒரு பகுதி, என்.சி.ஏ.ஏ. வழக்கமாக முதலாம் பிரிவுக் கல்லூரிகளுக்குப் பகிர்ந்துவந்த தொகையில் கழிக்கப்படுகிறது. பெரிய கல்லூரிகள் வீரர்களை வைத்து உழைத்ததற்கான கடனை, அந்த உழைப்பில் பங்கே பெறாத சிறிய கல்லூரிகளும் சேர்ந்து கட்டுகின்றன. வீரர்களுக்குப் பணம் கொடுப்பது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பில் யாருக்குப் போகிறது என்பதில்தான் எனக்கு உறுத்தல்.

மூன்றாம் பிரிவில் கணக்கு தலைகீழாக மாறுகிறது. அக்காவுக்கு நான் இப்படித்தான் விளங்கப்படுத்தினேன். ஒரு கல்லூரியின் கட்டணம் 40,000 டொலர் என்று வையுங்கள், கழிவு போக மாணவர் கட்டுவது 20,000. விளையாட ஆசைப்பட்டு நூறு பேர் அங்கே சேர்ந்தால் இரண்டு மில்லியன் டொலர் வரவு. முதலாம் பிரிவில் வீரர் கல்லூரிக்குச் செலவு, மூன்றாம் பிரிவில் வீரர் கல்லூரிக்கு வருமானம். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் பிறப்பு வீதம் விழுந்தது. அந்தப் பிள்ளைகள் இப்போது கல்லூரி வயதுக்கு வருகிறார்கள், தொகை குறைவு. ஆகவே ஒவ்வொரு மாணவரும் சிறிய கல்லூரிகளுக்கு உயிர்மூச்சு.

ஹார்ட்போர்ட் பல்கலைக்கழகம் இதே பாதையில் முன்னரே போனது. 2021 மார்ச்சில் வரலாற்றில் முதல் தடவையாகத் தேசியச் சுற்றுப்போட்டிக்குப் போய், அந்த வருடம் கிண்ணத்தை வென்ற பேய்லர் அணியிடம் தோற்றது. மே மாதமே மூன்றாம் பிரிவுக்கு இறங்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. பல்கலைக்கழகம் ஒரு ஆலோசனை நிறுவனத்திடம் கேட்டு வாங்கிய அறிக்கை, இறங்கினால் ஆண்டுக்கு 9.2 மில்லியன் டொலர் வரை மிச்சம் பிடிக்கலாம் என்றது. மாணவர்கள் வழக்குப் போட்டார்கள், பழைய மாணவர்கள் கொதித்தார்கள், பயிற்றுநர் விலகினார். தீர்மானம் மாறவில்லை.

ஆனால் எதிர்த்திசையில் ஏறிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்டோன்ஹில், லெ மொய்ன், மெர்சிஹேர்ஸ்ட், நியூ ஹேவன் என்று கடந்த சில வருடங்களில் பல கல்லூரிகள் இரண்டாம் பிரிவில் இருந்து முதலாம் பிரிவுக்குப் போயிருக்கின்றன. காரணம் அதே பணக் கஷ்டம்தான். தொலைக்காட்சியில் பெயர் அடிபட்டால் விண்ணப்பங்கள் கூடும் என்ற நம்பிக்கை. ஆனால் ஏறியவுடன் சாப்பாடு போட மாட்டார்கள். 2023 இல் மெரிமக் கல்லூரி தன் கூட்டமைப்பின் இறுதிப் போட்டியில் வென்றும், மாறுதல் காலம் முடியாததால் தேசியச் சுற்றுக்குப் போக அனுமதி இல்லை. அவர்களிடம் தோற்ற பெயார்லி டிக்கின்சன் அணிதான் போனது. போய், முதல்தர அணியான பேர்டியூவை 63-58 என்று வீழ்த்தி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. மெரிமக் மாணவர்கள் அந்த ஆட்டத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

இறங்குவதும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. அலபாமாவில் இருந்த பேர்மிங்ஹாம் சதர்ன் கல்லூரி 2006 இல் முதலாம் பிரிவை விட்டு மூன்றாவதற்கு இறங்கத் தீர்மானித்தது. பிறகு வந்த கணக்குத் தவறுகளும் கடனும் அதை விடவில்லை. 2024 மே 31 இல் கல்லூரி மூடப்பட்டது. அன்றைக்கே அதன் பேஸ்போல் அணி ஒஹாயோவில் தேசிய இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இல்லாத கல்லூரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு மேலும் இரண்டு நாள் விளையாடினார்கள். ஷெல்லடியில் கட்டடத்தை இழந்த பிறகும் வேறொரு பாடசாலையில் பின்னேர வகுப்பு நடத்தியவர்கள் எங்கள் ஆசிரியர்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த நினைவுதான் வந்தது.

சரி, அக்காவின் கேள்வி. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காகக் காசு இல்லை, ஆனால் படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் உதவித்தொகை உண்டு, மூன்றாம் பிரிவு வீரர்களில் பெரும்பாலானோர் அப்படி ஏதோ ஒன்றைப் பெறுகிறார்கள். ஆகவே மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்கச் சொன்னேன். சொன்ன தொகை ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்கா? பிரிவு மாறினால் அதே தொகை வேறு எந்தப் பெயரில் வரும்? அணியில் எத்தனை பிள்ளைகளைச் சேர்க்கிறீர்கள்? மூன்றாவது கேள்வி எதற்கு என்று அக்கா கேட்டார். புதிய உடன்படிக்கையில் சேர்ந்த முதலாம் பிரிவுக் கல்லூரிகளில் உதைபந்தாட்ட அணிக்கு 28 பேர் என்று வரம்பு இருக்கிறது, மூன்றாம் பிரிவில் அந்த வரம்பு இல்லை என்றேன்.

நான்கு நாட்களில் பதில் வந்தது. முதல் இரண்டு கேள்விகளுக்கும் "நிதி உதவி அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்". மூன்றாவதற்கு மட்டும் பயிற்றுநரே எழுதியிருந்தார்: 41.

மருமகள் ஒன்ராறியோவில் உள்ள இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.