தாமிரபருணி சொல்லும் மின்சாரப் பாடம்

பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் குதித்து, பழைய கொற்கைத் துறைக்கு அருகே கடலில் கலக்கிறது தாமிரபருணி. 1944-இல் பாபநாசத்தில் மின்சாரம் தரத் தொடங்கிய அந்நதியே நமக்கு மின்சாரப் பாடமும் சொல்லித் தரும், கேளுங்கள்.

ஜலம் விழும் உயரத்தால் உண்டாகும் அழுத்தம் போன்றது வோல்ட். விநாடிதோறும் பாயும் ஜலத்தின் அளவு ஆம்பியர். வழி மறிக்கும் பாறை ஓம். ஆனால், கரை உடைந்தால் ஜலம் வழிந்தோடும். கம்பி அறுந்தாலோ மின்சாரம் வழிவதில்லை. ஓட்டந்தான் நிற்கும், அழுத்தம் நுனியில் காத்துக்கொண்டே இருக்கும்!

உலர்ந்த தோல் பெரும் பாறை. தூத்துக்குடி உப்பளத்து நீர் கையில் பட்டதோ, அந்தப் பாறை கூழாங்கல்லாகிவிடும். வீட்டு மின்சாரம் அதே 230 வோல்ட்தான். உடலில் பாயும் ஓட்டமோ பன்மடங்கு. 60 வாட் குண்டு பல்பில் ஓடுவது சுமார் கால் ஆம்பியர். அதில் பாதிகூட வேண்டாம், உயிரைக் கொண்டுபோக.