உஷார்! உங்கள் லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடி

புது கேமராவுக்குப் பில் போடும் நேரம். கடைக்காரர் ஒரு சின்ன டப்பாவை எடுத்து வைக்கிறார். “யூவி ஃபில்டர் சார். இது இல்லாம லென்ஸை வெளிய எடுக்காதீங்க.” கேமரா விலைக்கு முன்னால் இது என்ன பெரிய காசு என்று தலையாட்டிவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நானும் தலையாட்டியவன்தான். ஒரு தெப்பத் திருவிழா இரவு, தெப்பம் முழுக்கச் சீரியல் லைட். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால், கறுத்த வானத்தில் பச்சைப் புள்ளிகள் தலைகீழாக மிதக்கின்றன! லென்ஸ் போச்சு என்று பதறி சர்வீஸுக்கு ஓடினேன். மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு பல்பைப் படமெடுத்தார். புள்ளிகளைக் காணோம்.

காரணம் இதுதான். சென்சார் பளபளப்பானது. அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை ஃபில்டரின் தட்டைக் கண்ணாடி மறுபடி உள்ளே தள்ளுகிறது. கோட்டிங் இல்லாத கண்ணாடி ஒரு பக்கத்துக்குச் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 8. நல்ல மல்டி கோட்டிங் இருந்தால் பக்கத்துக்கு அரை சதவீதம்கூட வராது. மலிவு ஃபில்டரோடு வெயிலுக்கு எதிராகப் பகலில் எடுத்தாலும் படம் வெளிறிப்போகும்.

புற ஊதாக் கதிரையாவது தடுக்கிறதே என்கிறீர்களா? ஃபிலிம் காலத்தில் அது அவசியம். ஃபிலிமில் அந்தக் கதிரும் பதிவாகும்; ஊட்டி, கொடைக்கானலில் எடுத்தால் தூரத்து மலைகள் நீலப் புகைமூட்டமாக விழும். இன்றைய டிஜிட்டல் கேமராக்களில் சென்சாருக்கு முன்னாலேயே தடுப்புக் கண்ணாடி இருக்கிறது. இல்லாத வேலைக்கு ஆள் வைத்த கதைதான்.

கீழே விழுந்தால் ஃபில்டர் உடைந்து லென்ஸ் தப்பும் என்பதையும் முழுசாக நம்பாதீர்கள். லென்ஸ் தாங்கிக்கொள்ளும் சின்ன இடியிலேயே அந்த மெல்லிய கண்ணாடி நொறுங்கலாம். அந்தச் சில்லே லென்ஸைக் கீறும். இடியைத் தாங்க லென்ஸ் ஹூட் மேல்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து சூரியன். ‘யூவி’ என்ற பெயரை நம்பி, கிரகணத்தன்று அதை மாட்டிக்கொண்டு வியூஃபைண்டரில் கண்ணை வைக்காதீர்கள்! வெறும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் வெப்பக் கதிரையும் அது அப்படியே உள்ளே விடும். லென்ஸ் அதைக் குவித்து விழித்திரையைச் சுட்டுவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வை மங்கிய பிறகுதான் விஷயம் புரியும். 2019 டிசம்பர் 26-ல் கோவையிலும் திண்டுக்கல்லிலும் தெரிந்ததுபோல, 2031 மே 21-ல் தென் தமிழகத்துக்கு இன்னொரு கங்கண கிரகணம் வருகிறது. அதற்கென்றே செய்த சோலார் ஃபில்டர் வெளிச்சத்தை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். அது இல்லாமல் கேமராவைச் சூரியன் பக்கம் திருப்பவே வேண்டாம்.

அப்படியானால் ஃபில்டரே வேண்டாமா? தனுஷ்கோடி மணல், கடல் உப்புச் சாரல், ஹோலி வண்ணப்பொடி: இங்கெல்லாம் மாட்டுங்கள். கேனனின் 17-40 மி.மீ. எல் போன்ற சில லென்ஸ்களில் தூசி, தண்ணீர்த் தடுப்பு முழுமையாக முன்னால் ஃபில்டர் வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. இரவு விளக்கு, மெழுகுவத்தி, எதிர்வெயில் என்றால் கழற்றிப் பையில் போடுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஃபில்டர் மாட்டாதீர்கள். வைட் லென்ஸில் படத்தின் நாலு மூலையும் இருண்டுவிடும். மாட்டும்போது இறுக்கித் திருகவும் வேண்டாம். சிக்கிக்கொண்டால் அழுத்திப் பிடிக்காமல், விளிம்பைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு மெதுவாகத் திருப்புங்கள்.

அடுத்த முறை கடையில் அந்த டப்பா வந்தால், அங்கேயே திறந்து ஃபில்டரை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். கண்ணாடியில் தெரியும் லைட் மங்கலாக, பச்சையோ ஊதாவோ கலந்திருந்தால் கோட்டிங் உண்டு. பளிச்சென்று வெள்ளையாகவே தெரிந்தால், டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.