மாடு மட்டும் நகர்ந்திருக்கிறது

செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தங்கள் ஊர்க் கூத்து வாத்தியாரின் ஆட்டங்களைப் பத்து வருடமாகப் படம்பிடித்து வைத்திருக்கிறாராம். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் ஆட்டம். அப்படி அறுபது இரவுகள். இலவசத் தளம் ஒன்றில் ஏற்றியதில் இரண்டைக் காரணம் சொல்லாமல் எடுத்துவிட்டார்கள். "சொந்தமாகவே ஒரு வீடியோ தளம் போட்டுக்கொள்ளலாம் மாமா, பத்து நிமிஷ வேலை என்கிறான் என் மருமகன். உண்மையா?" என்று கேட்கிறார்.

பத்து நிமிடம் என்பது பொய். ஆனால் பெரிய பொய் இல்லை. பியர்டியூப் என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. மாத வாடகைக்கு ஒரு லினக்ஸ் சர்வர், சொந்தமாக ஒரு டொமைன் பெயர், பிறகு போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், என்ஜின்எக்ஸ், எஃப்எஃப்எம்பெக் என்று நாலைந்து துணை மென்பொருள்கள். கட்டளைகளைப் பிழையில்லாமல் அடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு சாயங்காலம் போதும். மறுநாள் காலை முதல் கூத்து வீடியோவை ஏற்றும்போதுதான் கதை ஆரம்பம். ஏற்றி முடித்த பிறகும் சர்வர் மணிக்கணக்கில் திணறும். மருமகன் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

அப்படி என்னதான் செய்கிறது அது? 1920-க்கு 1080 பிக்சல் கொண்ட ஒரு படத்தை அப்படியே எழுதினால் 6.2 மெகாபைட். விநாடிக்கு 25 படம் என்றால் 155 மெகாபைட். ஒரு நிமிடக் கூத்துக்கே ஒன்பது ஜிபிக்கு மேல். ஆனால் நம் கைக்கு வரும் வீடியோ விநாடிக்கு ஏறக்குறைய 5 மெகாபிட்தான், அதாவது 0.6 மெகாபைட் சொச்சம். 250 பங்கில் ஒரு பங்கு. மீதி 249 பங்கு எங்கே போயிற்று?

வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்கு அம்மா தினமும் போனில் வீட்டுச் செய்தி சொல்கிறாள் என்று வையுங்கள். திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள்: திண்ணையில் நெல் மூட்டை, கிணற்றடியில் வாளி, தொழுவத்தில் மாடு. செவ்வாய்க்கிழமை அதையெல்லாம் திரும்பச் சொல்வாளா? "எல்லாம் நேத்து மாதிரிதான்டா. மாடு மட்டும் புளியமரத்தடிக்குப் போயிடுச்சு. முதுகுல கொஞ்சம் சேறு." முடிந்தது செய்தி. மகன் மனத்தில் திங்கட்கிழமைச் சித்திரம் இருக்கிறது. அதிலிருந்து மாட்டைப் பெயர்த்துப் புளியமரத்தடியில் வைத்து, முதுகில் சேறு பூசிக்கொள்கிறான். வீடியோவும் இதேதான். முழுச் சித்திரமாக வருவதற்கு கீஃபிரேம் என்று பெயர். சில விநாடிகளுக்கு ஒன்று வரும். மற்றவை எல்லாம் "நேத்து மாதிரிதான்" வகை.

இதில் அத்தைகளும் உண்டு. திங்கட்கிழமையும் தெரியும், புதன்கிழமையும் தெரியும். "நடுவுல செவ்வாய்க்கிழமை மாடு எங்க இருந்திருக்கும்னு நீயே பார்த்துக்கோ" என்பவர்கள். முன்னும் பின்னும் பார்த்து நடுவை நிரப்பும் இவற்றுக்கு பி-ஃபிரேம் என்று பெயர். செய்தி மிகச் சுருக்கம். ஆனால் ஒரு சிக்கல்: செவ்வாய் புரிய வேண்டுமானால் புதன் முதலில் வந்து சேர வேண்டும். அதனால் இவை உள்ள வீடியோ கோப்பில் படங்கள் பார்க்கும் வரிசையில் இருப்பதில்லை. கல்யாணம் முடிந்ததைச் சொல்லிவிட்டு அப்புறம் பெண் பார்த்த கதைக்கு வரும் அத்தை மாதிரி. சில சமயம் திரையில் ஒருவர் முகம் சுவரோடு ஒட்டி இழுபடுவதைப் பார்த்திருப்பீர்கள். திங்கட்கிழமைப் பேச்சு சரியாகக் கேட்கவில்லை, செவ்வாய்க்கிழமைச் செய்தியை வேறெந்த வீட்டுக்கோ பொருத்திவிட்டான் மகன், அவ்வளவுதான்.

சொல்வது சுருக்கம், ஆனால் மாடு எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தால்தானே அம்மாவால் சொல்ல முடியும்? சர்வரின் வேர்வையில் பெரும்பகுதி அந்தத் தேடலில்தான் போகிறது. படத்தை 16-க்கு 16 பிக்சல் கட்டங்களாக வெட்டினால் ஒரு படத்துக்கு 8,160 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் முந்தைய படத்தில் எங்கே இருந்தது என்று எல்லாப் பக்கமும் 16 பிக்சல் தூரம்வரை தேடினால் 1,089 இடங்கள். பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்கு 22 கோடிக்கு மேல் ஒப்பீடுகள். ஒவ்வொரு ஒப்பீட்டிலும் 256 கழித்தல். ஆக, ஒரு விநாடி வீடியோவுக்கு 5,600 கோடி கழித்தல்களுக்கு மேல். இது முழுப் பிக்சல் கணக்கு. எச்.264 என்ற வீடியோச் சுருக்க முறை கால் பிக்சல்வரை போகும். மாடு எட்டேகால் அடி நகர்ந்தது என்று சொல்லக்கூடிய அம்மா அது.

நிஜத்தில் எந்த மென்பொருளும் எல்லா இடத்திலும் தேடுவதில்லை. தொலைந்த கம்மலை வீடு முழுக்கவா தேடுகிறோம்? குளியலறை, தலையணை, நிலைக்கண்ணாடி என்று போவோம். எக்ஸ்264 என்ற குறியாக்கி அறுகோண வடிவில் ஆறு இடங்களைப் பார்க்கும். எது நெருங்கிய பொருத்தமோ அங்கே நகர்ந்து மறுபடி ஆறு இடம் பார்க்கும். எவ்வளவு பொறுமையாகத் தேட வேண்டும் என்பதற்குப் பத்துப் படிகள் வைத்திருக்கிறார்கள். வேகமானதன் பெயர் 'அல்ட்ராஃபாஸ்ட்'. ஆக மெதுவானதன் பெயர் 'பிளசீபோ', அதாவது மருந்தில்லாத மருந்து. இரவெல்லாம் ஓடும், பலன் கண்ணுக்குத் தெரியாது என்று செய்தவர்களே பெயரில் ஒப்புக்கொண்டதை வேறெந்த மென்பொருளிலும் நான் பார்த்ததில்லை. பியர்டியூப் இயல்பாக எடுத்துக்கொள்வது 'வெரிஃபாஸ்ட்'. அதுவே சிறிய சர்வருக்குப் போதும் போதும் என்று ஆகிவிடும். காரணம், ஒரே வீடியோவை 1080, 720, 480, 360 என்று பல அளவுகளில் மறுபடி மறுபடி செய்ய வேண்டும். பார்ப்பவரின் போனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது தேடுவதில்லை, சொன்ன இடத்தில் மாட்டை வைக்கிறது.

கூத்து வீடியோவுக்கு இது சாதகமா? அசையாத கேமரா, கறுத்த பின்னணி, நடுவில் ஒரு கட்டியங்காரன். அம்மாவுக்குச் சுலபமான வீடு. ஆனால் இருட்டில் எடுத்த வீடியோவில் ஒரு பொடி ஆடிக்கொண்டே இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? கேமரா சென்சாரின் இரைச்சல் அது. ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு படத்திலும் புதிது. முந்தைய படத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது. தீமிதி அன்று விடும் வாணவேடிக்கையும் அப்படித்தான். அங்கே பிட்டுகள் தண்ணீராய்ச் செலவாகும், அல்லது படம் கட்டம் கட்டமாகும்.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு: முதுகில் சேறு, அதாவது மிச்ச வித்தியாசம், அதைச் சுருக்கும் கணிதத்தை 1974-இல் வெளியிட்டவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். (நடராஜன் என்றதும் எந்த ஊர் என்று கேட்கத் தோன்றுவது நம் வியாதி.) 1972-இல் அகமது இதற்குப் பணம் கேட்டபோது அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை மறுத்துவிட்டது. இதையும் நகர்வுத் தேடலையும் சேர்த்து 1988-இல் எச்.261, 2003-இல் எச்.264. பியர்டியூப் பிரான்சின் ஃபிராமாசாஃப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்புடையது. மக்களிடம் 53,000 யூரோ திரட்டி 2018 அக்டோபரில் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். போதும்.

இனி பெரிய பேச்சுகளுக்கு வருவோம். பார்வையாளர்களே வீடியோத் துண்டுகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வார்கள், சர்வருக்குச் சுமை இல்லை என்பார்கள். 200 பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் விநாடிக்கு 1 கிகாபிட் வேண்டும். அன்றைக்கு இந்தப் பரிமாற்றம் நிஜமாகவே உதவும். பதினேழாவது இரவின் ஆட்டத்தை மதியம் மூன்று மணிக்கு ஒரே ஒருவர் பார்க்கும்போது யாரிடம் வாங்குவார்? பழைய வீடியோக் காப்பகத்தின் பெரும்பாலான பொழுது அப்படித்தான் கழியும். உலகத்தின் மற்ற பியர்டியூப் தளங்களிலும் உங்கள் வீடியோ தெரியும் என்பார்கள். தெரியும், ஆனால் கோப்பு பொதுவாக உங்கள் சர்வரில்தான் இருக்கும், அது படுத்தால் எல்லா இடத்திலும் படுக்கும். அந்த இணைப்புக்கு ஒரு விலையும் உண்டு: தொடங்கிய பிறகு டொமைன் பெயரை மாற்ற அதிகாரபூர்வமான வழியில்லை. பெயரை யோசித்து வையுங்கள்.

2018 ஜூனில் யூடியூப் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளைத் தயாரிக்கும் அமைப்பின் வீடியோக்களை முடக்கியபோது அவர்கள் பியர்டியூப் தளம் தொடங்கினார்கள். நல்ல கதை, எல்லோரும் சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஏப்ரலில் தன் அமைப்புகளுக்காகத் தொடங்கிய பியர்டியூப் தளத்தை 2024 மே மாதம் மூடியதை யாரும் சொல்வதில்லை. ஏற்று நடத்த ஒரு பொறுப்பாளர் கிடைக்கவில்லை. பணத்துக்குப் பஞ்சமில்லாத இடத்திலேயே இந்தக் கதி.

ஆகவே செய்யாறு வாசகருக்கு. செய்யலாம். எட்டு மணிநேர ஆட்டம் 5 மெகாபிட்டில் 18 ஜிபி. அறுபது இரவுக்கு 1,080 ஜிபி. சின்ன அளவுகளையும் சேர்த்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. 720-ஓடு நிறுத்தினால் பாதிக்குப் பாதி மிச்சம். போனில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. சர்வரை வீட்டில் வைக்க நினைக்காதீர்கள். நம் ஊர் இணைய நிறுவனங்கள் பலவும் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருவதால் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. ஆனால் மருமகனின் கேம் கம்ப்யூட்டரை வீட்டிலேயே தேடல் வேலைக்குப் போடலாம். பியர்டியூப் 5.2 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. அது தானே சர்வரைக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்வதால் முகவரிச் சிக்கல் இல்லை. புதியவர்கள் கணக்குத் தொடங்கும் வசதியை மூடியே வையுங்கள். திறந்தால் ஒரு வாரத்தில் உங்கள் கூத்துக்குப் பக்கத்தில் யார் யாரோ என்னென்னவோ ஏற்றியிருப்பார்கள், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் தரவுத்தளத்தைப் படியெடுத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

கேமரா கொடுத்த மூலக் கோப்புகளை மட்டும் சர்வரை நம்பி அழித்துவிடாதீர்கள். 24 மெகாபிட்டில் எடுத்திருந்தால் ஒரு இரவுக்கு 86 ஜிபி; அறுபது இரவும் 6 டெராபைட் ஹார்டுடிஸ்க் ஒன்றில் அடங்கும். இரண்டு வாங்கி, ஒன்றை வாத்தியார் வீட்டில் கொடுத்துவையுங்கள்.