மாணிக்க கங்கைக் கரையில்

அருணகிரிநாதரின் கதிர்காமத் திருப்புகழை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குப் பாடஞ் சொல்லி வருகின்றேன். ஆயினும், அத்தலத்துக்குப் பஸ்ஸிலே மும்முறை போய் வந்ததன்றி நடந்து சென்றதில்லை. "பண்டிதரையா, நீங்கள் காட்டுவழியால் போனதுண்டோ?" என்று மாணவனொருவன் ஒருநாள் கேட்டான். விடையிறுக்க நாணினேன்.

என் தந்தையார் 1979 இல் செல்வச்சந்நிதியிலிருந்து நடந்தவர். ஏறக்குறைய இரண்டு மாத நடை அது. முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில் என நீளும் வழி. வளர்ந்தபின் என்னையும் கூட்டிச் செல்வதாகச் சொல்லியிருந்தார். நான் வளர்ந்தேன், 1983 இன் பின் போரும் வளர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து செல்லும் அந்த நெடுவழி அடைபட்டது. தந்தையார் 1998 இல் காலமானார். அவர் கொண்டுசென்ற பித்தளைச் செம்பு மட்டும் வீட்டில் இருந்தது.

சென்ற ஆண்டு அச்செம்போடு உகந்தையிலிருந்து புறப்பட்டேன். முழுவழியும் நடக்க முழங்கால் இடந்தராது. கடைசிக் காட்டுவழி ஒன்றே என்னால் இயன்றது. குமண, யால வனங்களூடாகச் செல்லும் இவ்வழியை, திருவிழாவையொட்டிச் சில நாட்களே அடியார்க்குத் திறந்து விடுவர். ஐந்து நாள் நடந்தோம். அங்கே ஆசிரியருமில்லை, கமக்காரருமில்லை; ஆடவர் எல்லாரும் "சாமி"தான். முதல்நாளே நான் செம்பு நீரால் முகங்கழுவ முற்பட்டபோது, மட்டக்களப்புப் பக்கத்து மூதாட்டியொருவர் கையைப் பிடித்தார். "சாமி, தண்ணியக் கீழ ஊத்தாதீங்க. ஆறு மட்டும் வேற தண்ணி இல்ல" என்றார். செம்பை மூடிக்கொண்டேன்.

அவர் சொன்ன ஆறு கும்புக்கன் ஆறு. அதன் கரையில் என் கல்விக்கு இன்னொரு குட்டுக் கிடைத்தது. மருதம் என்றால் வயலும் வயல் சார்ந்த இடமும் என்று ஓயாது சொல்லி வந்தவன் நான். அத்திணைக்குப் பெயர் தந்த மரத்தை நின்று நோக்கியதில்லை. சிங்களத்தார் கும்புக் என்பது இம்மரத்தையே. வழுவழுத்த வெளிறிய அடிமரம்; கரைமண் சரியாதவாறு பின்னிப் பிடித்த வேர்கள்; கொப்பெல்லாம் குரங்குகள். அதன் நிழலிலே கிடந்தபோது, எத்தனை பாடங்களை மரத்தைக் காணாமலே நடத்தினேன் என்று எண்ணிக்கொண்டேன்.

ஐந்தாம்நாள் மாணிக்க கங்கை. மலைநாட்டில் தோன்றி, கதிர்காமத்தைத் தழுவி, யாலக் காட்டினூடே கடலடையும் இவ்வாற்றின் இரு கரையிலும் அதே மருதமரங்கள். ஆடிமாதத்து நீர் முழங்காலளவே. தந்தையாரின் செம்பால் மூன்று முறை மொண்டு தலையில் வார்த்தேன். பக்கத்தில் அம்மூதாட்டி மணலில் அமர்ந்து, ஒன்றுஞ் சொல்லாது அழுதுகொண்டிருந்தார். நான் ஏனென்று கேட்கவில்லை.

ஊர் சிறிது, அதன் பழமை பெரிது. மகாவமிசம் இதனைக் காஜரகாம என்கிறது. கதிர்காமத்தின் 'காமம்' கிராமத்தின் திரிபே என்றால் நம் பண்டிதர் சிலர் சினப்பர், சினக்கட்டும். மகாதேவாலயத்தில் விக்கிரகம் இல்லை, திரையே தரிசனம். தெருவின் மறுகோடியில் வள்ளியம்மை கோயில். அப்பால் கிரிவிகாரையின் வெண்டூபி. அருகே பள்ளிவாசலும் உண்டு. 1910 இல் இங்கு யாத்திரிகரை மேற்பார்வை செய்ய வந்த உதவி அரசாங்க அதிபர் லெனாட் வூல்ப், 1913 இல் இப்பக்கத்துக் காட்டுக் கிராமத்தை வைத்தே நாவலொன்று வெளியிட்டார்.

ஆற்றோரமாய்ச் செல்லக்கதிர்காமம் வரை செல்வது இனிய வழி. கதிரமலைப் பாதையோ செங்குத்து. ஜீப் வண்டிகள் புழுதி கிளப்பி ஏறுகின்றன. நடந்தே ஏறுவேன் என்று சூளுரைத்துப் புறப்பட்டேன். பாதிமலையில் முழங்கால் மறுத்துவிட்டது, ஜீப்பில் ஏறினேன். ஊர் திரும்பி வகுப்பில் காட்டுவழியை விரிவாகச் சொன்னேன். ஜீப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.