எழுத்துருக்களை எண்ணும் முறை

சென்னையிலிருந்து தெற்கே மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில் அமைந்த ஊர் கேளம்பாக்கம். உப்பளங்களால் நெடுங்காலம் பெயர் பெற்றிருந்த அவ்வூரிலிருந்து ஒரு சாலை கிழக்கே கோவளத்துக்குப் பிரிகின்றது. கடைத்தெரு வழியே நடப்பவன் அவ்வூர்ப் பெயரைப் பல பலகைகளில் காண்பான். பேருந்தின் நெற்றியில் அது தடித்து நிற்கும். மருந்துக் கடையின் பலகையில் மெலிந்து நிற்கும். திருமண அழைப்பிதழிலோ கையால் எழுதியதுபோல் சாய்ந்து ஓடும். பெயர் ஒன்றே, தோற்றம் பல. இவ்வாறு ஒரு மொழியின் எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே சாயல் அமையுமாறு வகுத்த தொகுதியை எழுத்துரு என்பர்.

எழுத்துருக்களைத் திரட்டி, உரிமம் அளித்து வழங்கும் நூலகங்கள் இன்று உலகில் பல உள்ளன. நூலகம் என்றவுடன், அங்கு எத்தனை எழுத்துருக்கள் உள்ளன என்று கேட்கத் தோன்றும். வினா எளிது; விடை எளிதன்று. எழுத்தை எண்ணுவதிலேயே இத்தடுமாற்றம் தொடங்குகின்றது. கேளம்பாக்கம் என்னும் சொல்லில் இலக்கண முறைப்படி எழுத்துகள் 7. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில், 'கே' என்பதற்குக் கொம்பு ஒன்றும் ககரம் ஒன்றும், 'பா' என்பதற்குப் பகரம் ஒன்றும் கால் ஒன்றும் தனித்தனியே எடுக்க வேண்டியிருந்தமையால், அச்சுக் கோப்பவர் கையில் அது 9 துண்டுகள் ஆயிற்று. புள்ளியையும் தனிக் குறியாகக் கொள்ளும் யூனிகோடு முறையில் கணிப்பொறி அதனை 12 குறிகளாக எண்ணுகின்றது. மூவரும் பிழை செய்யவில்லை. எதை எண்ணுவது என்பதில்தான் வேறுபட்டனர்.

ஈய அச்சின் காலத்தில் ஒரே சாயலுள்ள எழுத்தேயாயினும், 10 பாயிண்டு அளவில் வார்த்தது ஓர் எழுத்துரு. 12 பாயிண்டு அளவில் வார்த்தது வேறோர் எழுத்துரு. அச்சகத்தார் அவற்றை எடைக்கு விலை கொடுத்து வாங்கினர். வாங்கியபின் அவை அவர்தம் உடைமை, தேயுமட்டும் அச்சிடலாம், தேய்ந்தால் உருக்கி மீண்டும் வார்க்கலாம். கணிப்பொறி எழுத்துருவுக்கோ எடையும் இல்லை, தேய்மானமும் இல்லை. ஒரே கோப்பு எந்த அளவுக்கும் பெருகும், சுருங்கும். ஆதலின் அளவைக் கொண்டு எண்ணும் வழக்கம் ஒழிந்து, தடிப்பையும் சாய்வையும் கொண்டு எண்ணும் வழக்கம் தோன்றியது.

இன்றைய நூலகங்களின் முதற் பிரிவு குடும்பம். கேட்டமரான் என்னும் எழுத்துரு இதற்கு நல்ல சான்று. பிரியா இரவிச்சந்திரன் என்பார் வரைந்த அதன் பெயர், கோவளக் கரையில் மீனவர் கடலில் செலுத்திய கட்டுமரத்தின் பெயரே. ஆங்கிலம் சென்று திரும்பி வந்த தமிழ்ச் சொல். மிக மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை 9 தடிப்புகள் அதில் உண்டு. பல மரங்களைப் பிணைத்து ஒரு கலமாக்கியதுபோல் அவ்வொன்பதும் ஒரு குடும்பம்.

ஒரு சிறு அலமாரியைக் கருதுக. கேட்டமரான் 9 தடிப்பு. முக்தா மலர் 7. இந்த் மதுரை 5. மீரா இனிமை, கவிவாணர், பவனம் ஆகியவை ஒவ்வொன்று. குடும்பங்களை எண்ணினால் 6; தடிப்புகளை எண்ணினால் 24. இனி, 2016-ஆம் ஆண்டில் மாறுதடிப்பு எழுத்துரு என்னும் புதுமுறை வந்தது. இம்முறையில் எல்லாத் தடிப்புகளும் ஒரே கோப்பில் அடங்கும். கேட்டமரானை அவ்வாறு வைத்தால் அலமாரியிலுள்ள கோப்புகள் 16. இவ்வாறு 6, 16, 24 என்னும் மூன்று தொகைகளும் ஒரே அலமாரிக்கு உரியனவே. விளம்பரம் செய்வோர் இவற்றுள் எதனை விரும்புவர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மேலும், இவ்வாறு குடும்பங்களிலும் இலத்தீன் எழுத்துகளும் உள்ளன. எனவே இவை தமிழ்ப் பட்டியலிலும் இலத்தீன் பட்டியலிலும் இடம்பெறும். இரண்டையும் கூட்டுபவன் 6 குடும்பங்களை 12 எனக் கணக்கிட்டு ஏமாறுவான்.

வகைப்படுத்துவதிலும் இடர் உண்டு. மாக்சிமிலியன் வாக்சு என்னும் பிரெஞ்சு அறிஞர் 1954-இல் அச்செழுத்துகளை 9 வகையாகப் பகுத்தார். இலத்தீன் எழுத்தின் கோடுகள் முடியும் இடத்தில் சிறு அடிக்கட்டை உண்டா, இல்லையா என்பது அத்தகைய பகுப்புகளில் தலையாய வினா. வளைவும் சுழியும் மிக்க தமிழெழுத்துக்கு அவ்வினா நன்கு பொருந்தாது. கோடு எங்கும் ஒரே பருமனாக ஓடுகின்றதா, ஏறி இறங்குகின்றதா, நிமிர்ந்துள்ளதா, சாய்ந்துள்ளதா, பாடநூலுக்கு ஏற்றதா, பலகைக்கு ஏற்றதா என்று கேட்பதே தமிழுக்குத் தக்கது. ஆயினும் பெரும்பாலான நூலகங்கள் மேலைநாட்டுத் தலைப்புகளையே தமிழுக்கும் இட்டுள்ளன.

எழுத்துரு வேறு, எழுத்துமுறை வேறு என்பதையும் மறத்தல் ஆகாது. மாமல்லபுரத்திற்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்டக் குகை உள்ளது. அதன் ஒரு சுவரில் பல்லவ கிரந்தத்தில் பொறித்த வடமொழிச் செய்யுள்களே எதிர்ச் சுவரில் நாகரியிலும் பொறிக்கப்பட்டுள்ளன. அவை ஒரு குடும்பத்தின் இரு சாயல்கள் அல்ல. இரு வேறு எழுத்துமுறைகள்.

இத்தனை நுட்பமும் அச்சகத்தாருக்கு எதற்கு? உரிமத்தின் பொருட்டே. விலைக்குரிய எழுத்துருவைப் பெறுபவர் அதன் உடைமையாளர் ஆவதில்லை. பயன்படுத்தும் உரிமையையே பெறுகின்றார். இத்தனை கணிப்பொறிகளில் நிறுவலாம் என்பது ஓர் உரிமம். இணையப் பக்கத்தில் காட்டலாம் என்பது வேறோர் உரிமம். மெல்லிய தடிப்புக்கு மட்டும் பணம் செலுத்தியவர் தடித்ததையும் வழங்கினால் பிழைபட்டவர் ஆவார். மேற்கூறிய 6 குடும்பங்களோ திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் வெளிவந்தவை. அவற்றை எவரும் படியெடுக்கலாம்; திருத்தலாம்; பிறருக்கு வழங்கலாம். எழுத்துருவை மட்டும் தனியே விலைக்கு விற்றல் கூடாது. திருத்தியதையும் அதே உரிமத்தின் கீழ்த்தான் வெளியிட வேண்டும்.

தமிழ் எழுத்துருவுக்கு மட்டும் இன்னொரு குறிப்பும் இன்றியமையாதது. அஃது அதன் குறியேற்றம். முற்காலக் கணிப்பொறி எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமைத்திருந்தன. பாமினி முறையில் 'தமிழ்' என்று அடித்த ஆவணத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே தோன்றும். இக்குழப்பத்தை நீக்க 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு பொதுவான குறியேற்றத்தையும் விசைப்பலகையையும் வகுத்தது. 2010-இல் தமிழ்நாட்டரசு யூனிகோடு முறையையும், அது முழுதும் இயலாத இடங்களில் பயன்படுத்த 16 பிட்டுக் குறியேற்றத்தையும் ஏற்று ஆணையிட்டது. எனினும் அதற்கு முன் அடித்த பத்திரங்களும் மலர்களும் பழைய தட்டுகளில் கிடக்கின்றன. அவற்றைப் படிக்க விழைபவர் முதலில் தேடுவது எழுத்துருவின் அழகையன்று. எந்தக் குறியேற்றத்தில் அடித்தது என்னும் அந்த ஒரு வரிக் குறிப்பையே.