கடைமடைக்காகக் காத்திருக்கும் நடை

மார்கழிப் பனி விலகாத ஒரு காலைப் பொழுதில், நாலைந்து பேராகச் சேர்ந்து ஆற்றங்கரையில் மெல்ல நடந்து பார்த்திருக்கிறோமா? நம் காரைக்காலில் இதற்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. காவிரியின் கிளையான அரசலாறு ஊரைத் தொட்டுக்கொண்டுதான் கடலில் கலக்கிறது.

ஏன் இந்த நாள்கள்? ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது கரைகள் சேறாகி வழுக்கும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு, ஜனவரி 28-இல் மூடப்படும். அதன் பின் ஆற்றில் நீர் குறையத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் வெயில் நடக்க விடாது. ஆகவே மழை ஓய்ந்து, ஆற்றில் நீரும் இருக்கும் மார்கழியும் தை முற்பகுதியுமே நடைக்கு ஏற்ற காலம் எனலாம். வயல்களில் சம்பாக் கதிர்கள் தலை சாய்ந்திருக்கும். கொக்கும் மடையானும் ஓரங்களில் இரை தேடும். கரைமேல் நடந்தால் இவையெல்லாம் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

கடலை நெருங்க நெருங்க ஆறு வேறொரு பாடம் சொல்கிறது. வங்கக் கடலில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி, இருமுறை இறங்குகிறது. ஏற்றத்தின்போது முகத்துவாரம் வழியாக உப்புநீர் ஆற்றுக்குள் நுழையும். மேலிருந்து நன்னீர் போதிய அளவு வந்தால் அது உப்பைத் தள்ளி நிறுத்தும். வராவிட்டால் உப்பு மேலேறி, கரையோர நிலத்தடி நீரையும் கெடுத்துவிடும். ஆற்றுநீர் கடலில் 'வீணாகக்' கலக்கிறது என்று சொல்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் பகுதியைக் கடைமடை என்கிறோம். மேலே உள்ள வயல்களெல்லாம் பாய்ந்த பிறகு, மிஞ்சுவது மட்டுமே வந்து சேரும் இடம் அது. காவிரி நடுவர் மன்றம் 2007-ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கென 7 டி.எம்.சி., அதாவது 700 கோடி கன அடி நீரை ஒதுக்கியது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அந்த அளவை மாற்றவில்லை. அந்த நீருக்காகக் காத்திருப்பவை காரைக்கால் வயல்களே. ஆயினும் தாளில் உள்ள நீர் வாய்க்காலுக்கு வர வேண்டுமானால், மேல்மடையில் இருப்பவர் தம் தேவை முடிந்ததும் மடையை அடைக்க வேண்டும். பாசனம் சரியாக நடக்கிறதா என்பதைத் தலைமடையில் பார்த்து அறிய முடியாது. கடைசி வயலில்தான் அறிய முடியும்.

குழுவாக நடப்பதும் இப்படித்தான். முன்னால் செல்பவரின் வேகத்தை வைத்து நடை நன்றாக அமைந்தது என்று சொல்லிவிட முடியுமா? பின்னால் மூட்டுவலியோடு வரும் பாட்டியும், அண்மையில் துணையை இழந்து வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்ட பெரியவரும் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதே கேள்வி. அவர்களுள் பலர், "நான் வந்தால் உங்களுக்குத்தான் சிரமம்" என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தச் சொல்லை நாம் எளிதாக ஏற்றுக்கொள்வதுதான் வேதனை.

எனவே சில எளிய வழிகள். மிக மெதுவாக நடப்பவரை முன்னே விடுவோம். மற்றவர் அவர் பின்னே நடப்போம். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே போதும். வயது வந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு செய்வது நல்லது என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அதைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளலாம். நன்றாக விடிந்த பின் கிளம்புவோம். பனியில் கரையின் ஓரம் தெரியாது, புல்லுக்குள் பாம்பும் இருக்கலாம். பிடிப்புள்ள செருப்பும், குடிக்க நீரும், உட்கார ஓர் இடமும் போதும். இதய நோயோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வருவது நலம்.

முகத்துவாரத்தை அடையும்போது நம் பேச்சு தானாகவே குறைகிறது. 2004 டிசம்பர் 26 அன்று, இதே பனிக்காலக் காலையில்தான், ஆழிப்பேரலை வந்தது. காரைக்கால் கடலோரம் நூற்றுக்கணக்கானோரைப் பறிகொடுத்தது. அன்று இழந்தவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களுள் ஒருவர் நம்மோடு நடக்கும்போது ஆறுதல் சொல்ல வேண்டும் என்பதில்லை. அவருடைய வேகத்திற்கு நம் கால்களைக் குறைத்துக்கொண்டாலே போதும்.

இந்த வாரம் நம் தெருவில் யாரை அழைக்கப் போகிறோம்? "நீங்கள் வரும்வரை காத்திருப்போம்" என்று சொல்லி அழைப்போமா?