சிறு வானூர்திக்கு ஒரு கண்

ரேடியோ அலைகளால் இயங்கும் மாதிரி வானூர்தியில் ஒளிப்பதிவுக் கருவியைப் பொருத்த விரும்புவோர், படம் எவ்வளவு தெளிவாக இருக்கும் என்றே முதலில் கேட்கின்றனர். முதலில் கேட்க வேண்டியது அதன் எடையை.

500 கிராம் எடையுள்ள வானூர்தியில் 150 கிராம் கருவியை ஏற்றினால், சுமை 30 விழுக்காடு கூடிவிடும். அச்சுமையை இறக்கைகள் தாங்க வேண்டுமானால் வானூர்தி முன்னைவிட விரைந்து பறக்க வேண்டும். தரையிறங்கும்போதும் அவ்விரைவு தேவைப்படும். புதிதாகப் பழகுவோர்க்கு அது பேரிடர். கருவியால் வால்பக்கம் கனத்துவிட்டாலோ, வானூர்தி கட்டுக்கு அடங்காது. சாவிக்கொத்து அளவிலான சிறு கருவிகள் ஏறத்தாழ 20 கிராம் எடையே உடையவை; விலையும் குறைவு. விழுந்து உடைந்தாலும் இழப்பு பெரிதன்று.

ஆயினும் அவற்றில் ஒரு குறை உண்டு. அவை காட்சி முழுவதையும் ஒரே கணத்தில் பதிவதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிகின்றன. அதற்குள் வானூர்தி அதிர்ந்தால் வரிகள் விலகி, நேரான மின்கம்பமும் பாம்புபோல் நெளியும். விலை உயர்ந்த கருவிகள் பலவற்றிலும் இக்குறை காணப்படுவதால், மிகுந்த பணம் கொடுத்து மட்டும் இதனைத் தவிர்க்க இயலாது. விசிறியின் இரு இதழ்களையும் எடையில் சமன்செய்து, கருவியின் அடியில் மென்மையான ஸ்பாஞ்சுத் துண்டு வைத்தால் நெளிவு பெரிதும் குறையும்.

வாங்குமுன் ஒரு சோதனையும் செய்யலாம். கருவி அமரவிருக்கும் இடத்தில் அதே எடையுள்ள நாணயங்களை இறுக ஒட்டி, வானூர்தியைப் பறக்கவிட வேண்டும். மூன்று பத்து ரூபாய் நாணயங்கள் ஏறத்தாழ 23 கிராம் இருக்கும்.